61 ஆயிரமா, ஒரு இலட்சத்து 48 ஆயிரமா? மீற்றரைப் பார்த்து கார் எடுக்கும் முன்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். வீடு சாவகச்சேரியில், வேலை கிளிநொச்சியில், கிழமையில் ஐந்து நாள் போய்வர வேண்டும். லீசிங் போட்டு ஒரு கார் எடுக்கப் போகிறீர்கள். கண்ணில் பட்டிருப்பவை இரண்டு. கோண்டாவிலில் நிற்கும் 2015 வாகன் ஆர், மீற்றரில் 61 ஆயிரம். சொந்தக்காரர் வெளிநாட்டில், வருடத்தில் ஒரு மாதம் நல்லூர்த் திருவிழாவோடு வந்து ஓடிவிட்டுப் போவாராம். மற்றது சுன்னாகத்தில் 2011 அக்சியோ, ஒரு இலட்சத்து 48 ஆயிரம். அந்த வீட்டுக்காரர் மாதம் ஒருக்கால் கொழும்புக்குப் போய்வருபவர், சேர்விஸ் பில்களைக் கட்டி வைத்திருக்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, "மைலேஜ் குறைந்ததை எடு, லீசிங்கில் எத்தனை கிலோமீற்றர் ஓடலாம் என்று முதலில் கேள்" என்று சொல்லியிருக்கிறார்.

நான் கோப்பாய்ப் பக்கம் இருபத்தாறு வருடமாக வாகனம் திருத்துகிறேன். வாங்கமுன் வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிடுகிறவர்களோடு போய்ப் பார்த்த கார்கள் ஏராளம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கதையை மட்டும் வைத்துப் பார்த்தால் நான் அக்சியோப் பக்கம் நிற்கிறேன். ஆனால் ஏன் என்பதை விளக்காமல் விட்டால் அடுத்த காருக்கு உங்களுக்கு அது உதவாது.

முதலில் "மைலேஜ்" என்ற சொல்லைப் பிரித்துக்கொள்வோம். எங்கள் ஊரில் ஒரே சொல்லை இரண்டு விசயத்துக்குச் சொல்கிறோம். வாகனம் இதுவரை எவ்வளவு ஓடியது என்பது ஒன்று, லீற்றருக்கு எவ்வளவு ஓடும் என்பது மற்றது. விற்பவர் "நல்ல மைலேஜ்" என்று சொன்னால் எதைச் சொல்கிறார் என்று கேட்டுவிடுங்கள். அந்தச் சொல்லே மைல் காலத்தது. எங்கள் ஐயாமார் ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 எல்லாம் மைல் கணக்கு மீற்றர்தான். ஐந்து இலக்கம், 99,999 வந்தால் திரும்பவும் பூச்சியம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது அதே கார்கள் கார்பறேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடின. மீற்றர் எத்தனை தரம் சுற்றியிருக்கும் என்று எவருக்கும் தெரியாது, ஆனாலும் ஓடின. சொந்தக்காரர் ஒவ்வொரு ஆணியையும் அறிந்து பார்த்துக்கொண்டதால் ஓடின. மீற்றர் இலக்கத்தை மட்டும் பார்த்து ஒரு காரை ஒதுக்கவோ எடுக்கவோ வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அந்தக் கார்களும் ஒரு காரணம்.

சரி, உங்கள் இரண்டு காருக்கு வருவோம். நான் எந்தக் காரைப் பார்த்தாலும் முதலில் ஒரு வகுத்தல் செய்வேன். மீற்றரில் உள்ளதை வயதால் வகுப்பது.

வாகன் ஆர் பத்து வருடத்தில் 61 ஆயிரம், வருடத்துக்கு 6,100. இப்போது விற்பவரின் கதையை இதற்குப் பக்கத்தில் வையுங்கள். வருடத்தில் ஒரு மாதம் மட்டும் ஓடிய கார் என்றால் அந்த ஒரு மாதத்தில் 6,100 ஓடியிருக்க வேண்டும். ஒரு நாளுக்கு 200 கிலோமீற்றருக்கு மேல். நல்லூருக்கும் கீரிமலைக்கும் சொந்தக்காரர் வீடுகளுக்கும் போய்வந்து ஒரு நாளில் 200 ஓடாது. அப்படியென்றால் மற்ற பதினொரு மாதமும் யார் ஓடினார்கள்? ஜப்பானில் ஓடிவிட்டு வந்த காராக இருக்கலாம். தம்பியோ மருமகனோ ஓடியிருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடப்பட்டிருக்கலாம், அது இங்கே வழமையாக நடப்பதுதான். இவற்றில் எதுவும் குற்றமில்லை. ஆனால் வாடகைக்குப் போன காருக்கும் வீட்டில் நின்ற காருக்கும் ஒரே விலை கொடுக்க முடியாது. நேரே கேளுங்கள். பதில் தடுமாறினால் 61 ஆயிரத்தையும் நம்ப வேண்டாம்.

அக்சியோ பதினான்கு வருடத்தில் ஒரு இலட்சத்து 48 ஆயிரம், வருடத்துக்குப் பத்தாயிரத்து ஐந்நூறு சொச்சம். யாழ்ப்பாணம் கொழும்பு ஒரு பக்கம் சுமார் 400 கிலோமீற்றர். மாதம் ஒரு தரம் என்றால் வருடத்துக்கு 9,600. மிச்சம் ஊரோட்டம். ஊருக்குள் மோட்டார் சைக்கிளில் திரிகிறவர் என்றால் கணக்கு அப்படியே பொருந்துகிறது. 2020 இலும் 2022 இலும் ஓட்டம் குறைந்திருக்கும், பில்களில் அது தெரிய வேண்டும். பெற்றோல் வரிசைக் காலத்திலும் மாதாமாதம் 800 கிலோமீற்றர் ஓடியதாகப் பில் இருந்தால்தான் நான் யோசிப்பேன்.

ஓடிய தூரத்தைவிட எப்படி ஓடியது என்பதுதான் எஞ்சினுக்குக் கணக்கு. ஏ9 வழியே முறிகண்டி, வவுனியா தாண்டி ஒரே சீராக ஓடும் 400 கிலோமீற்றரில் எஞ்சின் ஒருக்கால்தான் குளிரிலிருந்து சூடேறுகிறது. கியர்ப்பெட்டியும் பிறேக்கும் அதிகம் வேலை செய்வதில்லை. அதே 400 கிலோமீற்றரைத் திருநெல்வேலிச் சந்தைக்கும் ரியூசனுக்கும் இரண்டு இரண்டு கிலோமீற்றராக ஓடினால் இருநூறு தரம் ஸ்ராட். எஞ்சின் சரியாகச் சூடேறமுன் நிற்பாட்டினால் ஒயிலுக்குள் ஈரமும் பெற்றோலும் சேரும், ஒயில் சீக்கிரம் கெடும். அதனால்தான் குறுகிய ஓட்டக் காருக்கு 5,000 கிலோமீற்றர் வரும்வரை காத்திராமல் ஆறு மாதத்தில் ஒயில் மாற்றச் சொல்கிறோம். 61 ஆயிரம் ஓடிய காரின் ஒயில் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கறுத்துத் தார்போலப் படிந்திருக்கும். அப்படிப் பல கார் பார்த்திருக்கிறேன். ஒன்றரை இலட்சம் ஓடிய காரில் உள்ளே தேன் நிறத்தில் இருந்ததும் பார்த்திருக்கிறேன்.

நின்ற கார் இன்னும் மோசம். எங்கள் ஊரில் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுச் சொந்தக்காரரின் கார் தறப்பாளுக்குக் கீழே நிற்காத ஒழுங்கை இல்லை. ரயர் ஒரே இடத்தில் பாரம் தாங்கித் தட்டையாகும். பிறேக் டிஸ்க் துருப்பிடிக்கும். ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும். தாங்கியில் கிடக்கும் பெற்றோல் பழுதாகிப் பிசின் படியும். எலி வயர் கடிக்கும், பொனற்றுக்குள் கூடு கட்டும். வாகன் ஆர் போன்ற சிறிய ஹைபிரிட் கார்களில் வழமையான பற்றறியே எஞ்சினை நிற்பாட்டி நிற்பாட்டி ஸ்ராட் பண்ணத் தாங்கும் விசேச வகை, விலையும் கூட. மாதக்கணக்கில் நின்றால் அதுதான் முதலில் போகும்.

அடுத்தது உப்பு. காரைநகர், ஊர்காவற்றுறை, குருநகர், பருத்தித்துறைப் பக்கம் கடலோரத்தில் நின்ற காருக்கு மீற்றர் ஓடாவிட்டாலும் துரு ஓடும். பண்ணைப் பாலத்தாலும் பொன்னாலைப் பாலத்தாலும் தினம் போய்வந்த காரென்றால் கீழே படுத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். தண்ணீரையும் கேளுங்கள். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கின்றன. அந்தத் தண்ணீரை றேடியேற்றருக்குள் விட்டுக்கொண்டே வந்தால், கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிவது போல அங்கேயும் படியும். படிந்தால் எஞ்சின் சூடாகும். மூடியைக் குளிரில் திறந்து பாருங்கள். பச்சை அல்லது சிவப்புக் கூலன்ற் இருக்க வேண்டும். வெள்ளைப் பொருக்கோ துருத் தண்ணீரோ இருந்தால், மீற்றரில் 20 ஆயிரம் என்றாலும் அந்தக் காரைக் கவனமில்லாமல் வைத்திருந்திருக்கிறார்கள்.

இனி, மீற்றரைத் திருப்புவது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் நாட்டுக்குள் கிடந்த பழைய கார்கள்தான் கைமாறிக்கொண்டிருந்தன. விலை ஏற, மீற்றரைத் திருப்பும் ஆசையும் ஏறியது. பழைய முள்ளு மீற்றரைக் கழற்றிக் கையால் திருப்பினார்கள். இப்போதைய டிஜிற்றல் மீற்றரை ஒரு கருவியைச் செருகிச் சில நிமிடத்தில் மாற்றிவிடுகிறார்கள். ஒரு இலட்சம் தாண்டினால் வாங்குபவர் பயப்படுகிறார் என்பதால், திருப்புகிறவர்கள் பெரும்பாலும் அதற்குக் கீழேதான் நிற்பாட்டுவார்கள்.

2018 இல் என் மச்சான் ஒருவர் கொழும்பில் ஒரு விட்ஸ் வாங்கிக்கொண்டு வந்தார். மீற்றரில் 52 ஆயிரம். கார் பளபளவென்று இருந்தது. வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு "அத்தான், எப்படி?" என்று கேட்டார். நான் சாரதிப் பக்கக் கதவைத் திறந்து குனிந்து பிறேக் பெடலைப் பார்த்தேன். ரப்பர் புத்தம் புதிது. அக்சிலேற்றர் பெடல் மட்டும் நடுவில் மழமழவென்று தேய்ந்திருந்தது. 52 ஆயிரத்தில் பிறேக் ரப்பர் மாற்ற வேண்டிய தேவை எவருக்கும் வராது. ஸ்ரியறிங்கில் கையில் படும் இடம் தோலுரிந்து, மேலே கறுப்பு மை பூசியிருந்தார்கள். ஈரத்துணியால் துடைத்தேன், துணி கறுத்தது. பிறகு பின்னுக்குப் போய் ஸ்பெயர் வீலைத் தூக்கினோம். அதற்குக் கீழே எண்ணெய்க்கறை பிடித்த சின்ன அட்டை ஒன்று. சிங்களத்தில் எழுதிய ஒயில் மாற்றிய அட்டை. மாற்றியது 131,400 இல், அடுத்தது 136,400 இல். மச்சான் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் ஒன்றும் பேசவில்லை. விற்றவர் தொலைபேசி எடுக்கவேயில்லை. அந்தக் கார் ஒன்றும் கெட்ட காரல்ல, இன்றைக்கும் ஓடுகிறது. ஒரு இலட்சத்து 30 ஆயிரம் ஓடிய காருக்கு 52 ஆயிரத்தின் விலையைக் கொடுத்தார் என்பதுதான் நட்டம்.

அதனால் கோண்டாவிலுக்குப் போகும்போது நீங்களும் இப்படிப் பாருங்கள். பெடல், ஸ்ரியறிங், சாரதி ஆசனத்தின் வலது ஓரம், ஜன்னல் சுவிட்ச், கியர்ப் பிடி. இவை எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ரயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 3219 என்றால் 2019 ஆம் ஆண்டின் 32 ஆம் கிழமையில் செய்தது. நான்கு ரயரும், ஸ்பெயர் இருந்தால் அதுவும், எந்த வருடம் என்று எழுதிக்கொள்ளுங்கள். சீற்பெல்ற்றை முழுதாக வெளியே இழுத்தால் அடியில் செய்த காலம் குறித்த துண்டு இருக்கும். காரின் வருடத்தோடு ஒத்துப்போகாவிட்டால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். பொனற்றுக்குக் கீழும் கதவுத் தூணிலும் ஒயில் ஸ்ரிக்கர் ஒட்டிய தடமாவது இருக்கும். கிழித்துச் சுரண்டிய தடமே ஒரு தகவல்.

கடதாசிகளில் நான் மதிப்பது தொடர்ச்சியை. ஒரு பில் எதையும் நிரூபிக்காது. வருடா வருடம் எடுத்த புகைப் பரிசோதனை அறிக்கைகள், சேர்விஸ் பில்கள், காப்புறுதிக்கோ லீசிங்குக்கோ செய்த மதிப்பீட்டு அறிக்கை ஆகியவற்றில் மீற்றர் வாசிப்பு எழுதியிருந்தால் திகதிப்படி அடுக்கிப் பாருங்கள். இலக்கம் ஏறிக்கொண்டே வர வேண்டும். ஓரிடத்தில் இறங்கினால் கதை முடிந்தது. ஜப்பானில் ஏலம் விட்டபோது காரின் நிலையை எழுதிய ஏலத் தாளைக் காட்டினால், அவர்கள் தரும் பிரதியை நம்பாமல் சேசிஸ் இலக்கத்தை வைத்து மூலத்தை நீங்களே எடுத்துப் பாருங்கள். தாளைத் திருத்தி அச்சடிப்பது மீற்றரைத் திருப்புவதைவிடச் சுலபம். அதில் தரம் இருக்கும் இடத்தில் ஆர் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் விபத்தில் அடிபட்டுத் திருத்திய கார். சுன்னாகத்துக்காரர் பில் கட்டி வைத்திருக்கிறார் என்று நீங்கள் எழுதியதைக் கண்டதும் என் மனம் அந்தப் பக்கம் சாய்ந்தது இதனால்தான்.

அண்ணா சொன்ன லீசிங் கதைக்கு வருவோம். அவர் சொன்னது பிழையல்ல, அது கனடாவுக்குச் சரி. அங்கே லீஸ் என்றால் மூன்று நான்கு வருடம் ஓடிவிட்டுக் காரைத் திருப்பிக் கொடுப்பது. திருப்பி வரும்போது கார் என்ன விலை போகும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுத்தான் மாதக் கட்டணம் வைக்கிறார்கள். அதனால் வருடத்துக்கு 16,000, 20,000, 24,000 கிலோமீற்றர் என்று எல்லை போடுவார்கள். கூட ஓடினால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் சதக்கணக்கில் காசு. மூன்று வருடத்துக்கு 60,000 என்று எழுதிவிட்டு 75,000 ஓடித் திருப்பிக் கொடுத்தால், கிலோமீற்றருக்கு 15 சதம் என்றாலே 2,250 டொலர். அண்ணா அந்தப் பயத்தில்தான் சொல்கிறார்.

இங்கே நாம் லீசிங் என்று சொல்வது வேறு. அது காரை வாங்குவதற்கான கடன். வாகனப் புத்தகத்தில் லீசிங் கொம்பனியின் பெயரும் உங்கள் பெயரும் இருக்கும். கடைசித் தவணை முடிந்தால் அவர்கள் பெயரை எடுத்து, கார் முழுதும் உங்களுக்கு. எவ்வளவு ஓடினாலும் தவணை மாறாது. ஒப்பந்தத்தை எதற்கும் வரிவரியாக வாசியுங்கள். ஆனால் கிலோமீற்றர் எல்லையைத் தேடி வாசிக்கத் தேவையில்லை. காப்புறுதி, பிந்திக் கட்டினால் வட்டி, இடையில் முடித்தால் என்ன கழிவு என்பவற்றைத் தேடுங்கள்.

கிலோமீற்றர் எல்லை இல்லை என்பதற்காக லீசிங்கில் ஓட்டம் ஒரு பொருட்டில்லை என்று எண்ண வேண்டாம். உங்கள் ஓட்டத்தை எழுதிப் பார்ப்போம். சாவகச்சேரியிலிருந்து கிளிநொச்சி போய்வர சுமார் 100 கிலோமீற்றர். வருடத்தில் 230 வேலை நாள் என்றால் 23,000. கொழும்புக்கு இரண்டு தரம் 1,600. கோயில், கலியாணம், சந்தை என்று கிழமைக்கு 60 வைத்தால் 3,000. எல்லாமாக 27,600. ஐந்து வருட லீசிங் என்றால் ஒரு இலட்சத்து 38 ஆயிரம். கடைசித் தவணை கட்டும் நாளில் வாகன் ஆர் இரண்டு இலட்சத்தைத் தொட்டு நிற்கும், அக்சியோ இரண்டு இலட்சத்து 86 ஆயிரத்தில் நிற்கும். பெரிய திருத்தங்கள் வரும் வருடங்களும் தவணை கட்டும் வருடங்களும் ஒன்றாகிவிடும். சனம் முறிவது இங்கேதான். தவணைக்குச் சரியாகச் சம்பளத்தை ஒதுக்கிவிட்டு, கியர்ப்பெட்டி போகும்போது கையில் ஒன்றுமில்லாமல் என் கராஜுக்கு வந்து நிற்பார்கள். என்னால் முடிந்தால் அந்த நேரம் தவணையையே கட்டிவிடுவேன், அவ்வளவு மனம் கஷ்டப்படும்.

ஆகவே, முற்பணம் கூடப் போட்டுத் தவணைக் காலத்தைக் குறையுங்கள். 2011 காருக்குக் கொம்பனியே காலத்தைக் குறைக்கச் சொல்லலாம், அது உங்களுக்கு நன்மைதான். தவணையோடு சேர்த்து மாதாமாதம் திருத்தத்துக்கென்று ஒரு தொகையைப் புறம்பாகப் போட்டு வையுங்கள். உங்கள் ஓட்டத்துக்கு 5,000 கிலோமீற்றர் இரண்டு மாதத்தில் வந்துவிடும், அதாவது வருடத்துக்கு ஐந்தாறு தரம் ஒயில். ரயர் ஒன்றரை, இரண்டு வருடத்தில் ஒரு சோடி சோடியாக மாறும். அந்தச் செலவு தாங்காது என்றால், கிளிநொச்சிக்குப் போகும் இன்னும் இருவரைச் சேர்த்துக்கொண்டு ஓடுங்கள். பளையிலும் கொடிகாமத்திலும் ஏறுவதற்கு ஆள் இருக்கும்.

இனி லீற்றருக்கு எவ்வளவு. விற்பவர் வாய்க்கு வந்ததைச் சொல்வார். அந்த வாகன் ஆருக்கு ஜப்பான் பட்டியலில் 30 இற்கு மேலே போட்டிருக்கும். அது பரிசோதனைக் கூடத்தில், உருளையின்மேல், ஏசி போடாமல் ஓடிய கணக்கு. எங்கள் வெயிலில், ஏசியோடு, ஏ9 வேகத்தில் 17, 18 கிடைத்தால் சந்தோசப்படுங்கள். அக்சியோவுக்கு 12, 13. நான் திருத்தும் கார்களில் காண்பது இதுதான். வாகன் ஆரில் இருக்கும் சின்ன ஹைபிரிட் உதவி நின்று நின்று ஓடும் டவுன் ஓட்டத்தில்தான் பயன் தரும். ஆனையிறவுக்குக் குறுக்கே ஒரே வேகத்தில் போகும்போது அது பெரிதாக ஒன்றும் செய்யாது.

உங்கள் 27,600 கிலோமீற்றருக்கு, லீற்றருக்கு 18 என்றால் 1,533 லீற்றர். 12.5 என்றால் 2,208. வித்தியாசம் 675 லீற்றர், மாதத்துக்கு 56. இன்றைய பெற்றோல் விலையால் நீங்களே பெருக்குங்கள். அது சின்னக் காசில்லை, மறைக்கமாட்டேன். அக்சியோவுக்கு நான் சாய்ந்தாலும் இந்தத் தொகை உங்களுக்குப் பாரமென்றால் வாகன் ஆரின் கதையை முழுதாகத் துருவிப் பார்த்து எடுங்கள். 2022 இல் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான் கொடுத்தார்கள். அந்த 20 லீற்றரில் அக்சியோ 250 கிலோமீற்றர் போகும், உங்களுக்குக் கிழமைக்கு 500 தேவை. அப்படி ஒரு காலம் இனி வரக்கூடாது, ஆனால் எங்கள் சனம் லீற்றர்க் கணக்கைச் சரியாகப் பார்க்கப் பழகியது அந்த வருடத்தில்தான்.

ஒரு விசயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். லீற்றருக்கு 20 ஓடும் காரை விட்டு 25 ஓடும் காருக்கு மாறினால் பெரிய லாபம் என்று நினைப்பார்கள். 1,000 கிலோமீற்றருக்கு 50 லீற்றர் போன இடத்தில் 40 போகும், மிச்சம் 10 லீற்றர். 10 ஓடும் காரை விட்டு வெறும் 12.5 ஓடுவதற்கு மாறினால் 100 போன இடத்தில் 80, மிச்சம் 20 லீற்றர். அதனால் நான் எப்போதும் 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்றுதான் எழுதி வைப்பேன். அப்படி எழுதினால்தான் காசு கண்ணுக்குத் தெரியும்.

அளப்பதற்கு ஒரே வழிதான் நான் நம்புவது. ஒரு பெற்றோல் நிலையத்தில் பம்ப் தானாக முதல் தரம் நிற்கும்வரை நிரப்புங்கள், மேலே ஊற்றச் சொல்ல வேண்டாம். ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்குங்கள். தாங்கி கால்வாசிக்கு வரும்வரை வழமைபோல ஓடுங்கள். அதே நிலையத்தில், அதே பம்பில், திரும்பவும் முதல் தரம் நிற்கும்வரை நிரப்புங்கள். 487 கிலோமீற்றர் ஓடி 38.2 லீற்றர் பிடித்தால், லீற்றருக்கு 12.7. இப்படி மூன்று தரம் எடுத்துச் சராசரி பாருங்கள். காருக்குள் திரையில் காட்டும் இலக்கம் பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும்.

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் லீற்றர்க் கணக்குக் குறைந்தால் கார் பழுது என்று ஓடி வர வேண்டாம். ஆனையிறவு வெளியில் அந்தக் காற்றை எதிர்த்துத் தெற்கே போவதற்கு எஞ்சின் கூடக் குடிக்கும், பின்னேரம் திரும்பி வரும்போது கொஞ்சம் திருப்பித் தரும். உயரமான, பாரம் குறைந்த வாகன் ஆரை அந்த வெளியில் பக்கக் காற்று ஆட்டவும் செய்யும், எதிரே சொகுசு பஸ் வந்தால் இன்னும் ஆடும். தினம் இரண்டு தரம் அந்த இடத்தைக் கடக்கப் போகிறவர் என்பதால் இதையும் நினைத்துத்தான் அக்சியோ என்றேன். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு மடங்காக ஏறும். கார்களுக்குச் சட்டப்படி உள்ள 70 இல் போனவருக்கும் 100 இல் போனவருக்கும் ஒரே காரில் லீற்றருக்கு இரண்டு மூன்று கிலோமீற்றர் வித்தியாசம் வருவதை நான் அளந்து பார்த்திருக்கிறேன். 95 ஒக்ரேன் அடித்தால் கூடுதலாக ஓடும் என்று நம்பி அடிப்பது வீண் செலவு. இந்த இரண்டு காரும் ஜப்பானின் சாதாரணப் பெற்றோலுக்குச் செய்யப்பட்டவை, 92 தாராளம். ரயர்க் காற்றை மட்டும் இரண்டு கிழமைக்கு ஒருக்கால், காலையில் ரயர் சூடாகமுன் பாருங்கள்.

பார்க்கப் போகும் நாளுக்குச் சில சொற்கள். "நான் வரும்வரை ஸ்ராட் பண்ண வேண்டாம்" என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பொனற்றைத் தொட்டுப் பாருங்கள், குளிராக இருக்க வேண்டும். இரண்டு எஞ்சினிலும் ரைமிங் பெல்ற் இல்லை, செயின்தான். ஒரு இலட்சத்தில் பெல்ற் மாற்றினீர்களா என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். குளிரில் ஸ்ராட் பண்ணும்போது செயின் கலகலவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டால் பரவாயில்லை, சத்தம் தொடர்ந்தால் விலையில் கழியுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். அக்சியோவின் கியர்ப்பெட்டி ஒயிலை எத்தனை ஆயிரத்தில் மாற்றினார்கள் என்ற பில்லை மறக்காமல் கேளுங்கள். ஒரு இலட்சத்து 48 ஆயிரத்தில் ஒரு தரமும் மாற்றவில்லை என்றால் நான் சொன்ன சாய்வு எல்லாம் இல்லை, வேறு கார் பாருங்கள்.

அந்தக் கியர்ப்பெட்டியைச் சோதிக்க ஏற்றம் வேண்டும், யாழ்ப்பாணத்தில் ஏற்றம் எங்கே? சொந்தக்காரரையும் ஏற்றிக்கொண்டு சங்குப்பிட்டிப் பாலத்துக்கு ஓடுங்கள். பாலம் ஏறும் இடத்தில் மெதுவாக்கி, பிறகு சீராக அக்சிலேற்றரை மிதியுங்கள். கார் உதறக்கூடாது, எஞ்சின் மட்டும் கத்தி வேகம் ஏறாமல் நிற்கவும் கூடாது, தண்ணீர் வழிகிறது போல ஏற வேண்டும். திரும்பி வரும்போது ஏசியை முழுதாகப் போட்டு இன்னொரு தரம் ஏறிப் பாருங்கள்.